எஞ்சின் இல்லாமல் அலாஸ்காவுக்கு: ரேஸ் டு அலாஸ்காவில் இறங்க நினைப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்சென்ட் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கிருந்து கிளம்பி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டியே வடக்கே ஏறி, அலாஸ்காவின் கெட்சிகன் வரை போக வேண்டும். 750 மைல், அதாவது சுமார் 1,200 கிலோமீட்டர். படகில் எஞ்சின் இருக்கக் கூடாது. கூடவே துணைப்படகு வராது. வழியில் யாரையும் வைத்து சாப்பாடோ உதிரிப்பாகமோ ஏற்பாடு செய்துகொள்ளவும் கூடாது. முதலில் வருபவருக்கு 10,000 டாலர், இரண்டாவதாக வருபவருக்கு ஒரு செட் கத்தி. 2015இல் தொடங்கிய ரேஸ் டு அலாஸ்காவின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

பாய்மரப் பந்தயம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தப் படகு வேகமானது?" என்றுதான். இந்தப் பந்தயத்துக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். இங்கே உங்களை நிறுத்துவது நீரோட்டமும் குளிரும்தான். கடிகாரம் பார்த்துக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் சாதாரணப் படகில்கூட போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். 2017இல் ஒருவர் நின்றபடி துடுப்புப் போடும் பலகையிலேயே முழுத் தூரத்தையும் முடித்தார், இரண்டு வாரம் ஆனது. அதனால் இந்த வழிகாட்டியில் படகைப் பற்றிக் குறைவாகவும், தண்ணீரைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் பாதையை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்

பந்தயம் இரண்டு கட்டம். முதல் கட்டம் போர்ட் டவுன்சென்டிலிருந்து கனடாவின் விக்டோரியா வரை 40 மைல், 36 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஹுவான் டி ஃபூகா நீரிணையைக் குறுக்கே கடக்கும் ஓட்டம் இது. பெரிய சரக்குக் கப்பல்களின் பாதை நடுவில் வரும், பிற்பகலில் மேற்குக் காற்று ஏறும். தகுதித் தேர்வு மாதிரிதான். ஆனால் லேசாக நினைத்துவிட வேண்டாம். 2022இல் இந்த முதல் கட்டத்திலேயே பல படகுகள் கவிழ்ந்து, ஆட்களைத் தண்ணீரிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் கட்டம் விக்டோரியாவிலிருந்து 710 மைல். நண்பகலில் கரையிலிருந்து ஓடிவந்து படகில் ஏற வேண்டும். விக்டோரியாவின் உள்துறைமுகத்தில் பாய் விரிக்க அனுமதி இல்லை, எனவே எவ்வளவு பெரிய படகாக இருந்தாலும் துடுப்பிலோ மிதிவிசையிலோதான் வெளியே வர வேண்டும். அங்கிருந்து ஜார்ஜியா நீரிணை, சீமோர் இடுக்கு, ஜான்ஸ்டன் நீரிணை, கேப் காஷன், பெல்லா பெல்லா, ஹெகட்டி நீரிணை, டிக்சன் என்ட்ரன்ஸ், கெட்சிகன். இந்த வரிசையை வரைபடம் பார்க்காமலே சொல்கிற அளவுக்குப் பழகுங்கள். முன்பெல்லாம் சீமோர் இடுக்கு வழியாகப் போவது கட்டாயம். 2022இல் அதை எடுத்துவிட்டு, வான்கூவர் தீவுக்கு வெளியே பசிபிக் பக்கமாகவும் போகலாம் என்றார்கள். நீங்கள் இறங்கும் ஆண்டின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். முதல் தடவை என்றால் உள்வழிதான் என் பரிந்துரை. தவறு செய்தால் ஒதுங்கக் கரை இருக்கும்.

படகு: துடுப்புப் போட முடிகிறதா என்று பாருங்கள்

இரண்டு எதிரெதிர்த் தேவைகள் உண்டு. ஹெகட்டி நீரிணையின் அலையைத் தாங்கும் அளவுக்குப் படகு உறுதியாக இருக்க வேண்டும். காற்றே இல்லாத இரவில் இரண்டு பேர் துடுப்புப் போட்டு நகர்த்தும் அளவுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். 2015இல் வென்றது 25 அடி மூன்றுடல் படகு, அதாவது மூன்று அடிப்பாகங்களைப் பக்கம்பக்கமாக இணைத்த படகு, ஐந்து நாளில் முடித்தது. அடுத்த ஆண்டு ஓர் இரட்டையுடல் படகு நான்கு நாளுக்கும் குறைவாக ஓடிவிட்டது. 2018இல் எட்டுப் பெண்கள் சேர்ந்து 32 அடி ஒற்றையுடல் படகில் வென்றார்கள், ஆறரை நாளில். முழுக்கப் பெண்கள் இருந்த அணி வென்றதும் ஒற்றையுடல் படகு வென்றதும் அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு காற்று மிகக் குறைவு. அவர்கள் படகின் பின்பக்கத்தில் சைக்கிள் மாதிரி மிதிக்கும் அமைப்பைப் பொருத்தி, சங்கிலி வழியாகச் சுழல்விசிறியை ஓட்டினார்கள். காற்று செத்த இரவுகளில் முறை போட்டு மிதித்தார்கள். பந்தயத்தை அவர்கள் வசமாக்கியதில் அந்த மிதிக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

துடுப்பா மிதியா? கால் தசை கையைவிடச் சீக்கிரம் களைக்காது, மிதிக்கும்போது உடம்பும் சூடாகும். ஆனால் மிதிவிசையில் சங்கிலி, பல்சக்கரம், தாங்கி என்று உடையக்கூடிய பாகங்கள் அதிகம். உப்புத் தண்ணீரில் எல்லாம் துருப்பிடிக்கும். கடற்பாசி வந்து விசிறியில் சுற்றினால் தண்ணீரில் கைவிட்டு அறுக்க வேண்டிவரும். அதனால் விசிறியைப் படகுக்குள் தூக்கி எடுக்கும்படி அமையுங்கள், கூடவே ஒரு ஜோடி துடுப்பும் கட்டாயம் இருக்கட்டும். பிறகு ஒரு சோதனை: முழுச் சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றிவிட்டு, தொடர்ந்து நான்கு மணி நேரம் பாய் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு இரண்டு கடல் மைல்கூட வரவில்லை என்றால் ஏதாவது எடையை இறக்குங்கள், இல்லாவிட்டால் வேறு படகு பாருங்கள்.

குளிர்: இதைத் தாண்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்

நம் வங்கக் கடல் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும். விழுந்தால் நீந்தலாம், படகைப் பிடித்துத் தொங்கலாம், யோசிக்க நேரம் இருக்கும். ஜான்ஸ்டன் நீரிணையில் ஜூன் மாதத்திலும் தண்ணீர் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். வெளியே வெயில் அடித்தாலும் அப்படித்தான். நீரோட்டம் அடிநீரைக் கலக்கி மேலே கொண்டுவந்துகொண்டே இருப்பதால் அந்தத் தண்ணீர் சூடாகவே மாட்டாது.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவரின் உடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, தானாக வாய் திறந்து இழுக்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆக உடல் உறைவதற்கு ரொம்ப முன்பாகவே, மூச்சுத் திணறியோ கை மரத்தோ ஆள் மூழ்கிவிடுகிறார். உயிர்காப்புச் சட்டையை எப்போதும் போட்டிருக்கச் சொல்வது இதனால்தான். முதல் நிமிடத்தில் உங்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கப் போவது அது மட்டும்தான்.

நான் வான்கூவர் பக்கம் இருந்தபோது ஒரு மே மாதக் காலையில் இதைச் செய்து பார்த்தேன். படகுத் துறையின் மரப்பலகையில் குப்புறப் படுத்து, வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் எலும்புக்குள் வலித்தது, நான்காவதில் வலி போய்விட்டது, அதுதான் பயமாக இருந்தது. கையை எடுத்து, பாய்க் கயிற்றின் முனையில் இருக்கும் சின்ன இரும்புக் கொக்கியின் திருகாணியைத் திருக முயன்றேன். விரல்கள் கண்ணெதிரே இருக்கின்றன, திருகாணியும் இருக்கிறது, ஆனால் பிடிமானம் வரவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. நீங்களும் செய்து பாருங்கள். பிறகு உங்கள் படகில் விரல் நுனியால் செய்ய வேண்டிய வேலை எவை எவை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் முழுக் கையால் அல்லது கையுறையோடு செய்யும்படி மாற்றுங்கள். சின்னத் திருகாணிக்குப் பதில் பெரிய வளையம், சின்ன முடிச்சுக்குப் பதில் பெரிய கொக்கி. ஒரு சின்னத் தீப்பெட்டியைத் திறக்க முடியாமல் போனால்கூட அந்த இரவில் சூடான தண்ணீர் கிடையாது.

உடைக்கு வருவோம். நீர்புகா முழு உடை, அதாவது டிரை சூட், வாங்குங்கள். மற்ற எதிலாவது காசை மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கமாக இருக்கும். போட்டதும் குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்தால் காற்று காலுக்குப் போய்க் கால் மேலே தூக்கிக்கொள்ளும். டிரை சூட் தண்ணீரைத்தான் தடுக்கும், சூட்டைத் தராது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

உடை வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, அதே குளிர்ந்த தண்ணீரில், தனியாக நிமிர்த்தி ஏறுங்கள். நீச்சல் குளத்தில் செய்தது கணக்கில் வராது. பெரிய படகு என்றால் விழுந்தவரை மேலே இழுப்பதைப் பழகுங்கள். கையால் இழுத்துத் தூக்கிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நனைந்த உடையோடு ஒரு ஆளைப் பக்கச் சுவருக்கு மேலே தூக்குவது இரண்டு பேராலும் முடியாத வேலை, கப்பி வேண்டும். தூக்கும்போது முடிந்தவரை படுத்த நிலையில் தூக்குங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். காற்றுப்படாத இடத்தில் ஈரத்தைக் கழற்றி, போர்த்தி, ஆள் தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

நீரோட்டம்: பந்தயத்தின் கடிகாரம் இதுதான்

நம் கடற்கரையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். ஆனால் சென்னையில் கடல்மட்டம் உயரும் ஏற்றத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான். கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட் பக்கம் அது 7 மீட்டர் வரை போகும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக ஒரு நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து இரண்டு முறை வெளியே போக வேண்டும். சீமோர் இடுக்கில் அந்த ஓட்டம் 15 நாட் வரை ஏறும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், ஆக மணிக்கு 28 கிலோமீட்டர். உங்கள் துடுப்பு தருவது 2 அல்லது 3 நாட். எதிர்த்துப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த இடுக்கின் நடுவில் ஒரு காலத்தில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைப் பாறை நீருக்கடியில் ஒளிந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. 1958 ஏப்ரல் 5 அன்று, கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பாறை போய்விட்டது, சுழல் போகவில்லை.

இப்போது ஒரு நுட்பம், இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடல் ஏறும்போது பசிபிக் தண்ணீர் வான்கூவர் தீவின் தெற்கு முனை வழியாகவும் வருகிறது, வடக்கு முனை வழியாகவும் வருகிறது. இரண்டும் ஜார்ஜியா நீரிணையின் வட கோடியில், கேம்பல் ரிவர் ஊருக்குத் தெற்கே சந்திக்கின்றன. ஆக விக்டோரியாவிலிருந்து அந்தச் சந்திப்பு வரை ஏற்றம் உங்களை வடக்கே தள்ளும். அதைத் தாண்டியதும் தலைகீழ்: ஏற்றம் எதிரே வரும், வற்றம்தான் வடக்கே இழுக்கும். இது தெரியாமல் "ஏற்றம் நமக்குச் சாதகம்" என்று அதே கணக்கோடு சீமோருக்குள் நுழைந்தால் பின்னாலேயே தள்ளப்படுவீர்கள்.

சரி, எப்படிக் கணக்குப் போடுவது?

கனடா அரசின் நீர்வரைபடத் துறை நீரோட்ட அட்டவணை வெளியிடுகிறது. ஏற்றவற்ற அட்டவணை வேறு, நீரோட்ட அட்டவணை வேறு. இடுக்கில் தண்ணீர் நிற்கும் நேரமும் கரையில் தண்ணீர் உச்சம் தொடும் நேரமும் ஒன்றல்ல, அதனால் நீரோட்ட அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். அதில் இருப்பது கோடைநேரம் சேர்த்த மணியா சேர்க்காத மணியா என்று முதல் பக்கத்தில் பாருங்கள். ஒரு மணி நேரத் தவறு என்ன செய்யும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. அன்றைய உச்ச ஓட்டம் 12 நாட், ஒரு நிற்றலுக்கும் அடுத்த நிற்றலுக்கும் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்ற நேரத்திலிருந்து 20 நிமிடத்தில் ஓட்டம் சுமார் 2 நாட், ஒரு மணி நேரத்தில் 6 நாட். அதாவது பாதி உச்சம் ஒரே மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. ஏற்றம் ஓய்வதற்கு முன்பே கேம்பல் ரிவரிலோ எதிரே உள்ள கவ்லாண்ட் ஹார்பரிலோ வந்து ஒதுங்கி, சாப்பிட்டு, தூங்கி, அலாரம் வைத்து எழுந்திருங்கள். ஏற்றத்தின் கடைசி நேரத்தில் ஓட்டம் தளரும்போது, கரையை ஒட்டி எதிர்ப்பக்கம் சுழலும் தண்ணீரைப் பிடித்து மெல்ல மேலே ஏறி, தண்ணீர் நிற்கும் நேரத்தில் இடுக்கின் வாயில் இருங்கள். புகுந்து கடந்ததும் வற்றம் தொடங்கி உங்களை ஜான்ஸ்டன் நீரிணை நோக்கி எடுத்துப் போகும். காற்று நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் தாமதமானாலும் போய்விடலாம் என்று அவசரப்படாதீர்கள். உச்ச ஓட்டத்தில் கண்ணுக்கு முன்னே தட்டையாகத் தெரியும் தண்ணீர் திடீரென்று குழிந்து, படகின் அகலத்துக்குச் சுழலாகி, முனையைத் தொண்ணூறு பாகை திருப்பிவிட்டு மூடிக்கொள்ளும். அடுத்த நிற்றலுக்கு ஆறு மணி நேரம் காத்திருப்பது நஷ்டமே அல்ல.

கரையோரக் கடற்பாசிக் கொடிகளைப் பார்க்கப் பழகுங்கள். நீளமான வால் மாதிரி இருக்கும், நுனியில் ஒரு குமிழ் மிதக்கும். கொடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ ஓட்டம் அந்தப் பக்கம். குமிழே நீருக்குள் முங்கிப்போயிருந்தால் ஓட்டம் பலமாக இருக்கிறது, பாறையும் கிட்டத்தில் இருக்கிறது. சின்னப் படகு என்றால் நாலைந்து கொடியைச் சேர்த்துப் படகில் சுற்றிக் கொஞ்ச நேரம் நிற்கலாம், தற்காலிக நங்கூரம். சுக்கானில் சுற்றிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜான்ஸ்டன் நீரிணை

பலரும் பந்தயத்தை விட்டு விலகும் இடம். மலைகளுக்கு நடுவே சுமார் 110 கிலோமீட்டர் நீளக் குழாய் போல இருக்கும். கோடையில் வடமேற்குக் காற்று அந்தக் குழாய்க்குள் நுழைந்து நேராக உங்கள் முகத்துக்கு வரும், பிற்பகலில் 30 நாட் தொடுவது சாதாரணம். உங்களுக்குச் சாதகமான வற்றம் அதே வடமேற்குத் திசைக்கு ஓடுகிறது. காற்று ஒரு பக்கம், தண்ணீர் எதிர்ப்பக்கம், நடுவில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் சுவர் மாதிரி எழும். ஏற்றம் வந்தால் அலை தணியும், ஆனால் உங்களைப் பின்னால் தள்ளும்.

தப்பிக்கும் வழி இரவும் விடிகாலையும்தான். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு காற்று தளரும். எனவே விடிவதற்கு முன்பு வற்றம் இருக்கும் நாள்களில் அதைப் பயன்படுத்தி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு ஓட்டுங்கள், பிற்பகலில் ஏதாவது ஒரு குடாவில் ஒதுங்கித் தூங்குங்கள். எதிர்காற்றில் இடதும் வலதுமாகக் கோணல் ஓட்டம் ஓடத்தான் வேண்டும் என்றால், பாயை முன்கூட்டியே சுருக்கிவிடுங்கள். கை மரத்த பிறகு சுருக்க முடியாது.

கேப் காஷனுக்கு வடக்கே

வான்கூவர் தீவின் மறைப்பு முடிந்ததும் பசிபிக்கின் நீண்ட அலை உள்ளே வரும். கேப் காஷனைத் தாண்டும் முன் முன்னறிவிப்பைக் கேளுங்கள். கனடாவின் கடல் வானிலை அறிக்கை விஎச்எஃப் வானொலியில் தொடர்ந்து ஓடும். அந்தக் கரையில் இன்னும் ஆள் தங்கியிருக்கும் கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் காற்றும் அலையும் அதே அறிக்கையில் வரும். எனக்கு எந்தக் கணினி முன்னறிவிப்பையும்விட அதில்தான் நம்பிக்கை. கைபேசிக்குப் பல இடங்களில் சிக்னல் கிடையாது.

ஹெய்ல்சுக் பழங்குடி மக்களின் ஊரான பெல்லா பெல்லா பந்தயத்தின் சோதனைப்புள்ளி. கடை உண்டு, குடிதண்ணீர் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கடையில் வாங்குவது விதிப்படி சரிதான். அங்கே தங்கும்போது அது அவர்கள் வீடு என்பதை மறக்க வேண்டாம், கேட்டுவிட்டுக் கூடாரம் போடுங்கள்.

அதற்கு மேல் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தீவுகளுக்குள்ளே போகும் கால்வாய்கள் பாதுகாப்பானவை, ஆனால் காற்று வராது, நாள்கணக்கில் துடுப்புத்தான். வெளியே ஹெகட்டி நீரிணையில் காற்று கிடைக்கும், ஆனால் அது ஆழம் குறைந்த கடல், தென்கிழக்குப் புயல் வந்தால் அலை சீக்கிரம் எழுந்து உடையும், ஒதுங்க இடம் குறைவு. 20 அடிக்குக் குறைந்த படகோடு, மூன்று நாள் தூக்கம் கெட்ட நிலையில், வெளியே போகாதீர்கள்.

தூக்கம், கரை, இரவு

இரண்டு பேர் என்றால் இரண்டு மணி நேர முறை. தனியாள் என்றால் தினமும் நிறுத்துங்கள். கரையை ஒட்டியே நூறு மீட்டர் ஆழம் இருக்கும் இடங்கள் உண்டு, நங்கூரக் கயிறு எட்டாது. நீளக் கயிறு ஒன்று வைத்துக்கொண்டு கரை மரத்தில் கட்டுங்கள், ஏற்றவற்றத்துக்குத் தளர்வு விட்டு. மணலில் கூடாரம் போட்டால் அன்றிரவின் ஏற்ற உயரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இல்லை, மாலையில் காய்ந்திருந்த இடம் நடுஇரவில் முழங்கால் தண்ணீராகும். கரடி உண்டு, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

சாப்பாடு நாளுக்கு 4,000 கலோரிக்குக் குறைய வேண்டாம், அதில் பாதி அடுப்பு மூட்டாமல் ஒரு கையால் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிவிடுங்கள். ஜூனில் இரவு குட்டைதான், ஆனால் அந்தச் சில மணி நேரத்தில்தான் ஆபத்து அதிகம். வெட்டுமரங்கள் தண்ணீரில் மிதக்கும், சில செங்குத்தாக நின்று தலை மட்டும் தெரியும். அப்புறம் இழுவைப்படகுகள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று வெள்ளை விளக்கு தெரிந்தால் பின்னால் எதையோ இழுத்து வருகிறது என்று பொருள். மூன்று என்றால் இழுவையின் நீளம் 200 மீட்டருக்கு மேல். இழுவைப்படகுக்கும் அது இழுக்கும் சரக்குப் படகுக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள். நடுவில் இருக்கும் இரும்புக் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

விலகும் முடிவைக் கரையிலேயே எடுங்கள்

விக்டோரியாவில் உட்கார்ந்து, தெளிந்த மனத்தோடு, எழுதிவையுங்கள்: எந்த நிலை வந்தால் நிறுத்துவோம்? டிரை சூட் கிழிந்தால், சுக்கான் போனால், ஒருவர் நடுக்கம் நின்று பேச்சு குழறினால். நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி அல்ல, உடல் தோற்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குளிர் முதலில் கெடுப்பது யோசனையைத்தான், அந்த நேரத்தில் சரியான முடிவு வராது. மெதுவாகப் போகிறவர்களைப் பின்தொடர்ந்து ஏற்பாட்டாளர்களின் படகு ஒன்று வரும், அது உங்களைத் தாண்டினால் பந்தயம் முடிந்தது. ஆபத்து என்றால் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுங்கள், தாமதிக்காதீர்கள்.

கெட்சிகனில்

ஆண்டுக்குச் சுமார் மூன்றரை மீட்டர் மழை பெய்யும் ஊர், அதனால் பெரும்பாலும் நனைந்துகொண்டேதான் போய்ச் சேருவீர்கள். துறைமுகத்தில் ஒரு மணி இருக்கும், அதை அடித்தால் உங்கள் பந்தயம் முடிந்தது. எந்த நேரத்தில் போனாலும் யாராவது வந்து நிற்பார்கள் என்று முடித்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் வருகிறீர்கள், எனவே கடவுச்சீட்டும் இரு நாட்டு விசாவும் நீர்புகாப் பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் இரண்டுக்கும் மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள்.

திரும்பி வருவதற்கான ஏற்பாட்டையும் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். சின்னப் படகு என்றால் அலாஸ்கா அரசின் பயணக் கப்பலில் ஏற்றி, வாஷிங்டன் மாநிலத்துக்கு அனுப்பலாம், ஒன்றரை நாள் பயணம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏற்றும் முன் டிரை சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்பைத் திறந்து, கழுத்துப் பட்டைக்குள் ஒரு துணியைச் சுருட்டி வைத்து நிழலில் உலர்த்துங்கள்.